நாலு இடத்திலும் ஒரே எண்ணிக்கை

அன்றைக்குப் பந்தலில் யார் யார் இருந்தார்கள் என்பதை என்னால் பிசகாமல் சொல்ல முடியும். காது குத்த வேண்டிய குழந்தை, பெண், இரண்டு வயது. அதன் அப்பா, அம்மா. அப்பாவின் அக்காமார் மூன்று பேர். அவர்களுடைய வீட்டுக்காரர்களில் இரண்டு பேர், மூன்றாமவர் துபாயில். காது குத்த வந்த ஆசாரி. சமையல்காரரும் அவருக்குக் கைவேலைக்கு வந்த இரண்டு பெண்களும். மொய் எழுத உட்கார்ந்திருந்த வாத்தியார். வெற்றிலைத் தட்டைச் சுற்றிப் பெரியவர்கள் ஆறு பேர். ரேடியோ செட்டு போட்ட நானும் என் வீட்டுக்காரரும். பந்தல் வாசலில் ஏழு சீர்த்தட்டோடு வந்து நின்ற தாய்மாமன் கூட்டம், மாமனையும் சேர்த்துப் பதினெட்டு. ஆக முப்பத்தொன்பது பேர். உடைமரத்தில் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கர் வழியாகக் கேட்டவர்கள் இதில் சேர்த்தி இல்லை. பக்கத்து ஊர்க் காட்டில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தவர்களும் கேட்டதாகப் பிற்பாடு தகவல் வந்தது.

எனக்கு எண்ணுகிற புத்தி தீப்பெட்டி ஆபீஸில் வந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அங்கே போனேன். ஒரு குரோஸுக்கு நூற்று நாற்பத்து நாலு பெட்டி. ஒன்று குறைந்தாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. கல்யாணமாகி இந்த ரேடியோ செட்டுத் தொழிலுக்கு வந்த பிறகு பெட்டிக்குப் பதிலாகப் பாட்டை எண்ண ஆரம்பித்தேன். அவர் கம்பம் நடுவார், வயர் இழுப்பார், ஜெனரேட்டர் பார்ப்பார். லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பாட்டுப் போடுவது நான்.

பாட்டெல்லாம் முதலில் ஒரு பென் டிரைவில்தான் இருந்தது. ஒரு மழைநாளில் அது கரிசல் சேற்றில் விழுந்தது. விழுந்த இடம் தெரியும். பென் டிரைவ்தான் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போன் கடை வைத்திருக்கும் பாயிடம் போய் நின்றேன்.

“அக்கா, ஒரு ஆப்பு போட்டுத் தாரேன். லேப்டாப்பு, ஒங்க போனு, அண்ணன் போனு, கிளவுடு, நாலுலயும் ஒரே பாட்டு இருக்கும். ஒண்ணுல ஏத்துனா எல்லாத்துலயும் ஏறிரும்” என்றார்.

“கிளவுடுன்னா எங்கன இருக்கு?”

“அது எங்கனயோ இருக்கு. ஒங்களுக்கு எதுக்கு அது?”

“ஒண்ணுல அழிச்சா?”

“எல்லாத்துலயும் அழிஞ்சிரும்.”

அந்த ஒரு வார்த்தை போதாதா? அன்றிலிருந்து போனைக் கையில் எடுத்தாலே விரல் எதையாவது அழித்துவிடுமோ என்று வியர்த்தது. தினமும் காலையில் நாலு இடத்திலும் பாட்டு எண்ணிக்கையைப் பார்ப்பேன். லேப்டாப்பில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. என் போனில் ஆயிரத்து நானூற்று ஒன்பது. அவர் போனில் ஆயிரத்து நானூறு. கிளவுடில் ஆயிரத்து நானூற்றுப் பதினைந்து. ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது.

“ஏட்டி, அந்த மூணு பாட்டுல என்ன ஆஸ்தியா இருக்கு?” என்பார் அவர்.

“எந்த மூணுன்னு தெரியலையே. அதான் பயமா இருக்கு.”

அந்தக் காதுகுத்துக்கு நாலு நாள் முன்னால் ஆப்பைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, ‘இந்தப் போனில் உள்ள எல்லா ஆடியோவையும் சேர்க்கவா?’ என்று ஒரு கேள்வி வந்தது. விட்டுப்போன பாட்டெல்லாம் வந்துவிடும் என்று நினைத்துச் சேர்த்தேன். மறுநாள் காலையில் நாலு இடத்திலும் ஆயிரத்து அறுநூற்று நாற்பது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. சந்தோஷத்தில் அவருக்கு இரண்டு முட்டை போட்டுத் தோசை சுட்டுக் கொடுத்தேன். இருநூறுக்கு மேல் ஆடியோ எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை. ஊரில் உள்ளதற்கெல்லாம் கவலைப்படுகிறவள் அதற்கு மட்டும் கவலைப்படவில்லை.

இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் போனில் வருகிற அழைப்பெல்லாம் தானாகவே பதிவாகும். நான்தான் அப்படி வைத்திருக்கிறேன். தேதியை மாற்றிச் சொல்லுவார்கள், பேசின ரேட்டை இல்லை என்பார்கள். போனில் ஆட்களின் பெயரையும் நான் எழுதி வைப்பதில்லை, பெயர் மறந்துபோகும். என்ன விசேஷம், அதில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று எழுதி வைப்பேன். குழந்தையின் அப்பா என் போனில் ‘காதுகுத்து தாய்மாமன் பாட்டு முக்கியம்’ என்று இருந்தார். அவரோடு பேசின பதிவும் அதே பெயரில்தான் இருந்தது.

தாய்மாமன் பாட்டு ஏன் முக்கியம் என்றால், அந்த அப்பாவுக்கும் மாமனுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. இவர் புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது மாமன் ஒரு மிக்ஸி வாங்கிவந்தார். மூன்றாம் நாள் சட்னி அரைக்கையில் அது புகைந்துவிட்டது. மச்சான் பழைய மிக்ஸியைத் தலையில் கட்டிவிட்டான் என்று இவர் சொல்ல, மாப்பிள்ளை வீட்டுக் கரண்டே திருட்டுக் கரண்ட் என்று அவர் சொல்ல, அதோடு போயிற்று. ஒரு வயதில் குத்த வேண்டிய காது இரண்டு வயதுவரை குத்தாமல் கிடந்தது. அண்ணன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவேன் என்று குழந்தையின் அம்மா ஒரே பிடியாக நின்று, அழுது, இரண்டு பக்கமும் நடந்து, மாமனை வர வைத்திருந்தாள். காலையில் நான் லேப்டாப்பை விரித்தபோது என் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, எங்கண்ணன் பந்தலுக்குள்ள வந்து உக்காருத வரைக்கும் எனக்கு உசுரு இல்ல. ஒரு சின்னக் கொறை இருந்தாலும் அப்படியே திரும்பிருவாவ.”

இதை என்னிடமா சொல்ல வேண்டும்? உடனே முன்னேற்பாடு செய்தேன். லேப்டாப் நின்றுபோனால்? அவர் போனையும் புளூடூத்தில் ஆம்ப்ளிஃபையரோடு சேர்த்தேன். இந்த ஆப்பில் ஒரு வசதி: ஒன்றில் நின்ற பாட்டு இன்னொன்றில் நின்ற இடத்திலிருந்தே ஓடும். “ஆம்ப்ளிஃபையர்ல லைட்டு ஆடுதது நின்னா, அடுத்த நொடி ஒங்க போன்ல அமுக்கணும். என்னையக் கேக்கக்கூடாது, யோசிக்கக்கூடாது” என்று மூன்று தரம் சொன்னேன். அவர் ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்த இரைச்சலில் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

பத்து மணிக்கு மாமன் கூட்டம் வந்தது. முன்னால் மாமன், மடிப்புக் கலையாத வேட்டி, இறுகிய முகம். தட்டுகளில் பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, கம்மல், பழம், கடம்பூர் போளி, சர்க்கரை. ஏழாவது தட்டில் பெட்டியோடு ஒரு புது மிக்ஸி. அதைப் பார்த்ததும் அவசர அவசரமாக லேப்டாப் பக்கம் திரும்பினேன். ‘தாய்மாமன்’ என்று தட்டினேன். முதலில் வந்ததை அமுக்கினேன்.

“தங்கச்சி, எட்டாயிரம்லாம் கட்டாது” என்றது உடைமரம்.

குழந்தையின் அப்பா குரல்தான். கும்பிட்ட கையோடு வாசலில் நின்றவர், தன் குரலையே அண்ணாந்து பார்த்தார்.

“அண்ணாச்சி, டீசல் விக்கித விலைக்கு...” இது என் குரல்.

“ஏழரை. அதுக்கு மேல ஒரு பைசா கெடையாது. ஆனா எம் மச்சான் வரும்போது சத்தம் கழுகுமலைக்கே கேக்கணும். அவன் தட்டுல ஒண்ணும் இருக்காது, சத்தத்துலயாவது நெறையட்டும்.”

“ஆமா அண்ணாச்சி, சில பேரு அப்படித்தான் இருப்பாவ.” இதுவும் நான்தான். எனக்கு ஏன் இந்த வாய்?

லேப்டாப்பை அமுக்கி நிறுத்தினேன். நின்றது. ஆம்ப்ளிஃபையரில் லைட்டும் நின்றது. என் வீட்டுக்காரர், கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, நான் சொன்னதை அப்படியே செய்தார். விட்ட இடத்திலிருந்து, ஒரு எழுத்துக்கூடக் குறையாமல், போனிலிருந்து ஓடியது.

“பொகைஞ்ச மிக்ஸி குடுத்த பயலுக்கு ரெண்டு கொழா எதுக்கு? ஒண்ணு கட்டுனா எவ்வளவு கொறைப்ப?”

“ஒண்ணு கட்டுனாலும் ரெண்டு கட்டுனாலும் ஒரே வேலைதான் அண்ணாச்சி.”

“சரி, சீரியல் லைட்டு? பாதி எரிஞ்சாப் போதும், பாதிக் காசு வாங்கிக்க.”

கைக்கு அகப்பட்ட வயரைப் பிடுங்கினேன். சீரியல் லைட்டு முழுவதும் அணைந்தது, பேச்சு அணையவில்லை. கடைசியில் ஜெனரேட்டரை நோக்கி ஓடினேன். அவர் பெருவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். போனைப் பிடுங்கி நிறுத்தியபோது, பந்தலில் மிச்சமாகும் பூவை யார் எடுத்துக்கொள்வது என்பதுவரை ஊர் கேட்டாகிவிட்டது.

ஆசாரி ஊசியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். வாத்தியார் பேனாவை மூடினார். குழந்தையின் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அண்ணனையே பார்த்தாள். மாமன் அசையாமல் நின்றார். அவர் திரும்பி ஒரு எட்டு வைத்தால் அந்தக் காது குத்தின மாதிரிதான்.

திரும்பத்தான் செய்தார், ஆனால் தன் கூட்டத்தைப் பார்த்து.

“ஏலே, கேட்டீயளா? பாதி லைட்டுக்குப் பாதிக் காசாம்!” அவர் வயிறு குலுங்கியது. “ரெண்டு வருசமா என்னையக் கருமின்னு ஊரெல்லாம் சொன்னாவல்லா? கருமி யாருன்னு கொழா கட்டி அவியளே சொல்லிட்டாவ!”

பதினேழு பேரும் சிரித்தார்கள். துபாய்க்காரரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமன் நெஞ்சை நிமிர்த்தி, ஜெயித்து வந்த ஆள் மாதிரி பந்தலுக்குள் நடந்தார். மிக்ஸித் தட்டை மாப்பிள்ளையின் காலடியில் வைத்தார். “ரெண்டு வருசம் கேரண்டி கார்டு இருக்கு மாப்ளே, வாசிச்சுப் பாத்துக்கிடுங்க.” பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியைத் தட்டினார். “எம் மருமவளக் கொண்டாங்க.”

தங்கச்சிக்காரி குழந்தையை மடியில் வைத்துவிட்டு அண்ணன் தோளிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள். ஆசாரி அவசரமாக ஊசியைத் திரும்ப எடுத்தார். காது குத்தியாயிற்று. பாட்டே இல்லை, குழந்தை அழுத சத்தம்தான்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, வயரைச் சுருட்டிவிட்டு, அப்பாவின் முன்னால் போய் நின்றேன். எப்படிக் கேட்பது என்று அரை மணி நேரம் பாடம் பண்ணியிருந்தேன்.

“அண்ணாச்சி, அந்தப் பாக்கி...”

“எம் மானத்தக் கொழா வச்சு வித்துட்டுப் பாக்கி வேறயா கேக்க?”

பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மாமன் சட்டைப்பையில் கையை விட்டார். “இங்கன வாம்மா, நான் தாரேன். இந்த மாதிரி ஒரு பாட்டு நான் கேட்டதே இல்ல.”

“எம் புள்ள விசேசத்துக்கு அவன் காசு குடுக்கவா?” என்று அப்பா எழுந்துவிட்டார். “வாங்குனியோ, ஒன் செட்டு இந்த ஊர் எல்லைக்குள்ள வராது.”

என் வீட்டுக்காரர் என்னை வேனுக்குள் தள்ளி ஏற்றினார்.

அந்தப் பதிவை அழித்துவிடச் சொல்லி அப்பா இரண்டு தடவை ஆள் அனுப்பினார். எப்படி அழிப்பேன்? ரேட்டு ஏழரை என்று அவர் தன் வாயால் சொன்னது அதில்தானே இருக்கிறது? நாலு இடத்திலும் இருக்கிறதா என்று தினமும் காலையில் பார்த்துக்கொள்கிறேன். அவர் தரமாட்டார், மாமனிடம் வாங்கவும் விடமாட்டார். ஏழாயிரத்து ஐந்நூறில் அட்வான்ஸ் இரண்டாயிரம் போக, வர வேண்டியது ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய்.