யூரியா கோணியில் போன கீரை

இதைத் தெரிந்துகொண்டு உனக்கு என்ன ஆகப்போகிறது? கீரை வாங்க வந்தாயா, வம்பு வாங்க வந்தாயா? மூன்று ஞாயிறு நான் சந்தைக்கு வராததை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாய். வேலை வெட்டி இல்லையா? சரி, கேட்டுத் தொலை.

ஹொஸ்கோட்டைக்கு அந்தப் பக்கம் எனக்கு அரை ஏக்கர் கீரைத் தோட்டம். மருந்து, உரம் எதுவும் கிடையாது. வாயால் சொன்னால் எவன் நம்புகிறான்? காரில் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிற கம்பெனிக்குப் பணம் அழ வேண்டுமென்றால் தோட்டத்தைத்தான் விற்க வேண்டும். அதனால் பக்கத்துத் தோட்டக்காரிகள் நாலு பேரும் நானும் ஒரு குழு வைத்தோம். ஒருத்தி தோட்டத்தை மற்றவர்கள் போய் மண்ணைக் கிளறி, கொட்டகையைத் திறந்து பார்ப்போம். திருப்தி என்றால் குழு முத்திரை. ஒருத்தி ஏமாற்றி, அதை மற்றவர்கள் மூடி மறைத்தால் ஐந்து பேருக்கும் முத்திரை போச்சு. இந்த ரிச்சர்ட்ஸ் டவுன் ஞாயிற்றுச் சந்தையிலும் இதை ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குக் கூடை பிய்ந்துவிட்டது. எவளோ பஸ்ஸில் விட்டுப்போன பழைய யூரியா கோணி வீட்டில் கிடந்தது. நன்றாக அலசிக் காயவைத்து, அதில் அரைக்கீரையைக் கட்டிக்கொண்டு போனேன். எங்கள் பக்கம் மழைக்குத் தலையில் போடுவதும் அதுதான், வாசலில் கால் துடைப்பதும் அதுதான்.

சந்தையை நடத்துகிற அரைக்கால் சட்டைக்காரன் ஓடிவந்தான்.

"ஏனம்மா இது? யூரியா பேக்ல ஆர்கானிக் சொப்பா?" அவன் பேச்சு பாதி கன்னடம்; சொப்பு என்றால் கீரை.

"கீரைய பாரு சாமி, கோணிய ஏன் பாக்கற? உன் சட்டையிலகூட தான் பாரின் பேரு போட்டிருக்கு. நீ என்ன வெள்ளக்காரனா?"

சிரிக்கவில்லை, பாவி. ஒரு இலையைக் கிள்ளியும் பார்க்கவில்லை. செல்போனில் கோணியைப் படம் பிடித்தான்.

"உங்க குரூப் மொத்தமும் கடைய எடுங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் செய்ததற்கு அந்த நாலு பேர் என்ன பாவம் செய்தார்கள்?

மறுநாள் நாலு பேரும் என் தோட்டத்துக்கு வந்தார்கள். கொட்டகையைக் கவிழ்க்காத குறை. வேறொன்றும் அகப்படவில்லை. எங்களில் கறாரானவள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஒர மூட்டை நம்ம கீரை பக்கமே வரக்கூடாதுன்னு யாருக்கா ரூல் போட்டது?"

"நான்தான்."

"என் மாட்டுக்கொட்டாயில தொங்கன கோணியெல்லாம் கிழிச்சுக் கெடாசினது யாரு?"

"அதுவும் நான்தான்டி. வாய மூடு."

அந்தக் கோபம் என்மேலேயே வந்த கோபம். நானே சொன்னேன்: குழு நோட்டில் எழுதுங்கள், மூன்று ஞாயிறு எனக்கு முத்திரை கிடையாது. மூன்று வாரக் கீரையும் மாட்டுக்குத்தான் போயிற்று.

அரைக்கால் சட்டையைத் தோட்டத்துக்கே வந்து பார்க்கச் சொன்னோம். ரொம்ப தூரமாம். நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னானாம். அதைப் பார்த்துவிட்டு மற்ற நாலு பேரையும் திரும்பச் சேர்த்துக்கொண்டான். மண்ணை மிதிக்காமலே ஒருவன் துரத்துவானாம், மண்ணை மிதிக்காமலே சேர்த்துக்கொள்வானாம்!

நான் குடியிருக்கிற லிங்கராஜபுரத்தில் அக்கம்பக்கத்துக்காரிகள் விடுவார்களா? "சந்தையில உன்ன தொரத்திட்டாங்களாமே?" என்று வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

"எவன்டி தொரத்தறது?" என்றேன். "தப்பு பண்ணேன், நாங்க அஞ்சு பேரு சேந்து என்ன நிறுத்தி வெச்சோம். எங்களுக்கு நாங்கதான் போலீசு. வர்ற ஞாயித்துக்கெழம போறேன். கீரை வேணும்னா பையோட வாங்க. எந்தப் பைன்னு நான் பாத்துட்டுதான் போடுவேன்."