எழுதாத பரீட்சையில் சைபர்

போன வாரம் ஒரு வெப்சைட்டில் விண்ணப்பம் போட உட்கார்ந்தேன். 'இரண்டாவது குழந்தையின் வயது' என்று ஒரு கட்டம். எங்களுக்கு ஒரே பெண். காலியாக விட்டுவிட்டு பட்டனை அமுக்கினேன். அடுத்த பக்கத்தில் பார்த்தால்... இரண்டாவது குழந்தை, வயது 0.

பின்னால் நின்றிருந்த என் மனைவி ஸ்டெல்லா கேட்டாள்: "இது யாருங்க?"

சிரித்துவிட்டோம். ஆனால் இதே பூஜ்யம் சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒருத்தியை அழவைத்தது. ஸ்டெல்லாவின் தங்கை ரெஜினாவை.

ரெஜினாவுக்கு நர்சிங் படிக்கவேண்டும். வேறு எதுவும் வேண்டாம். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய் பிளஸ் டூ முடித்தவள். பயாலஜி குரூப், அதிலும் கணக்கு இல்லாத பிரிவு. கணக்குக்குப் பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ். மார்க்கும் நல்ல மார்க்.

சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரி அந்த வருடம்தான் முதன்முதலாக ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கியது. கடலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நிரப்பினாள். ஃபாரத்தில் கணக்குக்கு ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டாள். வேறென்ன செய்வாள்?

பதில் உடனே வந்தது. 'தகுதி இல்லை. ஒரு பாடத்தில் தோல்வி.'

சென்டர்காரர் அனுதாபத்தோடு ஒரு வழி சொன்னாராம். "கணக்குல எதாவது ஒரு மார்க்கு போட்டு மறுபடி அனுப்பிடும்மா. யாரு பாக்கப் போறாங்க?"

"நான் படிக்கவே இல்லயேண்ணா" என்று எழுந்து வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மாமா, நாளைக்கு லீவு போட முடியுமா? சிதம்பரம் போயி நேர்ல கேக்கணும்."

நான் அப்போது கடலூரில் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தேன். லீவு போட்டேன்.

கல்லூரி ஆபீசில் ஒரு பெரியவர். கெட்டவர் இல்லை. ஆனால் திரையைத் திருப்பிக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நம்புகிறவர்.

"கணக்குல ஃபெயில்னு ஸ்க்ரீன்ல வருதேம்மா. நான் என்ன பண்றது?"

ரெஜினா குரலை உயர்த்தவில்லை. "நான் எழுதாத பரீட்சையில எப்படி சார் ஃபெயில் ஆவேன்?"

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். வெப்சைட் செய்த செந்தில் என்ற இளைஞரைப் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டார்.

செந்தில் புரோகிராமைத் திறந்ததும் எனக்குப் புரிந்துபோயிற்று. வெப்சைட்டுக்கு வந்து சேருவதெல்லாம் வெறும் எழுத்து. நாம் 164 என்று அடித்தாலும் அதற்கு ஒன்று, ஆறு, நாலு என்று மூன்று எழுத்துதான். அதை எண்ணாக மாற்றினால்தான் பாஸா ஃபெயிலா என்று ஒப்பிட முடியும். காலிக் கட்டத்தையும் மாற்று என்றால்? மறுபேச்சில்லாமல் பூஜ்யம் என்று மாற்றிவிடுகிறது. அப்போது ஒரு பாடத்துக்கு இருநூறு மார்க்; எழுபதுக்குக் கீழே ஃபெயில். பூஜ்யம் எழுபதுக்குக் கீழே. முடிந்தது கதை.

"என் சொந்த மார்க்கைப் போட்டுத்தாங்க டெஸ்ட் பண்ணேன்" என்றார் செந்தில், சங்கடமாக. "நான் கணக்கு எடுத்தவன்..."

உடனே சரிசெய்யவும் கிளம்பினார். "சைபரா இருந்தா அந்தப் பாடத்த விட்டுடுன்னு போட்டுடறேன்."

நானும் தலையாட்டினேன். ரெஜினாதான் விடவில்லை.

"அப்ப நெஜமாவே சைபர் வாங்குனவங்களும் பாஸா?"

செந்தில் எழுதியதை அழித்தார். புதிதாக எழுதினார்: முதலில் காலியா என்று பார். காலி என்றால், கட்டாயப் பாடமா இல்லையா என்று பார். இல்லை என்றால் விட்டுவிடு. ஏதாவது எழுதியிருந்தால் மட்டும் எண்ணாக மாற்று... மொத்தமே நாலைந்து வரி.

பெரியவருக்கும் நிம்மதி. "ஒன்னோடத பாஸ் பண்ணியாச்சும்மா. கிளம்புங்க."

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. "சார், என்ன மாதிரி இன்னும் எத்தன பேருக்கு இப்படி வந்திருக்கும்?"

"வேற யாரும் வந்து கேக்கலயேம்மா."

"அவுங்க வீட்ல கம்ப்யூட்டர் தெரிஞ்ச மாமா இல்ல போலருக்கு சார்."

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவளுக்கு அந்தக் கவலையே இல்லை. வந்த விண்ணப்பங்களையெல்லாம் மறுபடி ஓடவிட்டு, தவறாகத் தள்ளப்பட்டவர்களுக்குத் தகவல் அனுப்புகிறோம் என்று பெரியவர் வாயால் சொன்ன பிறகுதான் எழுந்தாள். சொன்னபடி அனுப்பினார்கள்.

அங்கேதான் வினை. அப்படித் திரும்பி வந்தவர்களில் பலர் ரெஜினாவைவிட மார்க் கூட. மெரிட் லிஸ்ட் வந்தபோது அவள் பெயர் மளமளவென்று கீழே போயிருந்தது. சீட் கிடைக்கவில்லை.

ஸ்டெல்லா பொரிந்து தள்ளினாள். "ஒன் வேல முடிஞ்சதுன்னு பேசாம வந்திருக்கலாம்ல?"

"அவுங்க மார்க்கு ஜாஸ்திக்கா" என்றாள் ரெஜினா. அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலையிலேயே வேறு கல்லூரிகளின் விளம்பரங்களைத் தேட ஆரம்பித்துவிட்டாள். கடலூரிலேயே நர்சிங் டிப்ளமோவில் இடம் கிடைத்தது. படித்தாள். வேலையில் சேர்ந்தாள். இப்போது குழந்தைகள் வார்டில் அவள்தான் சிஸ்டர்.

தெரியாது, இல்லை, பொருந்தாது, சைபர்... நாலும் வேறுவேறு. இதை மிஷினுக்குச் சொல்லித்தர நாலைந்து வரி போதும். மனிதர்களுக்கு? பேசாமல் நிற்கிற ஆளைப் பார்த்ததும், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நாமே மார்க் போட்டுவிடுவதில்லையா?

சீட் போன வருத்தம் இன்னும் இருக்கிறதா என்று ஒருநாள் ரெஜினாவிடம் கேட்டேன்.

"இருக்கு மாமா. ஆனா நல்லா படிச்சவங்ககிட்டதான் தோத்தேன். காலிக் கட்டத்துக்கிட்ட தோக்கல."