மஞ்சள் நூல் கட்டிய தக்காளி

சின்னமனூர்ச் சந்தையில் இப்போது தக்காளியைக் கூடை கூடையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே சிவப்பு. ருசிதான் கிடையாது. இதைச் சொன்னால், வயசாகிவிட்டால் நாக்கு செத்துப்போகும் என்று என் மருமகள் சிரிக்கிறாள். என் நாக்கு சாகவில்லை. சின்ன வயசிலேயே அது கெட்டுப்போய்விட்டது. கெடுத்தவர் என் தாய்மாமா.

மாமா மேகமலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்ச வருஷம் முந்திய கதை. மலையடிவாரம் வரை மாட்டுவண்டி, அப்புறம் நடைதான். தோட்டத்துத் துரை தன் பங்களாவுக்குப் பின்னால் சீமை விதைகளைப் போட்டு விதவிதமாகத் தக்காளி வளர்த்தாராம். அங்கே கனிந்து விழுந்த பழங்களிலிருந்து மாமா விதை எடுத்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்து, ஊருக்கு இறங்கும்போது சிகரெட் டப்பாவில் போட்டுக் கொண்டுவருவார். மற்ற வீட்டுத் தாய்மாமன்கள் சேவும் மிட்டாயும் வாங்கி வந்தார்கள். எங்களுக்கு வாய்த்தவர் விதை கொண்டுவந்தார். எங்களுக்கு அதில் பெரிய மனக்குறை.

அம்மாவுக்கு அதுவே போதும். மாமா அவளுக்கு ஒரே தம்பி. கிணற்றடியில், துவைகல்லிலிருந்து தண்ணீர் ஓடும் இடத்தில் பாத்தி கட்டி நாற்று விட்டாள். ஒரு செடி மஞ்சளாகக் காய்த்தது. பக்கத்து வீட்டுக்காரி எலுமிச்சை என்று நினைத்து ஊறுகாய்க்கு நாலு கேட்டு வந்துவிட்டாள். இன்னொன்று பரங்கிக்காய் மாதிரி வரி வரியாக மடிந்து, வெட்டினால் உள்ளே பாதி காலியாக இருந்தது. சுண்டைக்காய் அளவில் கொத்துக் கொத்தாகக் காய்த்ததைத்தான் நாங்கள் விட்டுவைக்கவில்லை. கடித்தால் எதிரே நிற்பவர் சட்டையில் பீய்ச்சி அடிக்கும், அதற்காகவே தின்றோம். மஞ்சள் பழத்தில் புளிப்பு என்பதே கிடையாது. அதைப் போட்டு அம்மா ரசம் வைத்த அன்று அப்பா இலையிலிருந்து நிமிர்ந்து, "ரசத்துல சீனியப் போட்டியா?" என்று கேட்டார். "ஒங்க மச்சினன் வந்தா அவனக் கேளுங்க" என்றாள் அம்மா.

இந்தத் தக்காளிகளை அடியோடு வெறுத்தவள் என் அத்தை. அப்பாவின் அக்கா, உத்தமபாளையத்தில் வாக்கப்பட்டவள். சித்திரை மாசம் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு எங்கள் வீட்டில் வந்து தங்கித்தான் போவாள். தக்காளி போட்ட குழம்பு என்றால் தனக்கு மோரை ஊற்றச் சொல்வாள். "வெட்டுனா ரத்தமா ஒழுகுது. இதப் போயித் திங்கிறாகளாம்" என்று முகத்தைச் சுளிப்பாள்.

மாமா கடைசியாகக் கொண்டுவந்தது ஒரு கறுப்புத் தக்காளி விதை. முழுக் கறுப்பு இல்லையாம். காம்பைச் சுற்றி நாவல்பழக் கறை, கீழே வரவரச் சிவப்பு. "இதுக்கு உப்புக்கூட வேண்டாம்க்கா. அப்படியே கடிச்சுத் திங்கணும். பழுத்ததும் சொல்லிவிடு, வாரேன்" என்று சொல்லிவிட்டு மலையேறினார். ஏறினவருக்கு மலைக்காய்ச்சல் கண்டது. அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து கௌமாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். முடிந்த துணி சாமி படத்துக்கு முன்னால் இருக்கும்போதே சாவுச் சேதி வந்துவிட்டது. மாமாவுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு அம்மா மாமாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். அந்த வருஷம் வீரபாண்டிக்கு வரமாட்டேன் என்று அப்பாவிடம் ஒரே பேச்சாகச் சொன்னாள். கிணற்றடியே கதியென்று கிடந்தாள். மலைக்குளிரில் விளைந்த விதை, நம் வெயிலைத் தாங்குமா? முளைத்ததில் பாதி வாடிப்போனது. மீதியில் இலை சுருண்டது. ஒரே ஒரு செடி தப்பிப் பூத்தது. பூவெல்லாம் உதிர்ந்து, பிடித்த பிஞ்சுகளை அணில் கொறித்து, கடைசியில் ஒரு காய் மட்டும் நின்றது. அது செடியிலேயே நன்றாகக் கனிய வேண்டும், அப்போதுதான் விதை தேறும். தம்பி விட்டுப்போனதில் அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் பழுத்த பழம் நிற்குமா? அம்மாவுக்கு எங்களையும் தெரியும், அப்பாவையும் தெரியும். ஒரு நூலை மஞ்சளில் நனைத்து அந்தக் காயின் காம்பில் கட்டிவிட்டாள். எங்கள் பக்கம் சேவலோ வாழைத்தாரோ எதுவானாலும், மஞ்சள் நூல் கட்டினால் அது சாமிக்கு நேர்ந்துவிட்டது. பிள்ளைகள்கூடக் கை வைக்காது. அம்மன் மேல் அவ்வளவு கோபமாக இருந்தவள், அந்த அம்மனையே காவலுக்கு வைத்தாள்.

காவல் நன்றாகவே நடந்தது. நாங்கள் அந்தப் பக்கம் எச்சில்கூடத் துப்பவில்லை.

திருவிழாவுக்கு அத்தை வந்தாள். விடியும் முன்பே எழுந்து, தெருப் பெண்களோடு வண்டி கட்டி வீரபாண்டிக்குப் போய்விட்டாள். காலையில் தண்ணீர் ஊற்றப் போன அம்மா, "பழத்தக் காணோம்!" என்று கத்தினாள். எங்களை வரிசையாக நிறுத்தி வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்தாள். என் அண்ணனுக்கு ஒரு காரணமும் இல்லாமல் முதுகில் ஒன்று விழுந்தது. அன்று முழுக்க அவள் சோறு திங்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அத்தை நெற்றி நிறையத் திருநீறோடு வந்து இறங்கினாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஆத்தா, ஒன் நேத்திக்கடன முடிச்சிட்டேன். நூலு கட்டிப்புட்டு, கோவத்துல நீ போகாம இருந்தா அம்மன் சும்மா விடுவாளா? நாந்தான் பறிச்சுக் கொண்டுபோயி அவ காலடியில வச்சேன். பிள்ளைகளுக்குன்னு சொல்லிக் கும்புட்டேன்."

அம்மா கையிலிருந்த குடத்தைக் கிணற்றுச் சுவரில் வைத்தாள்.

"அது நேந்தது இல்ல மதினி. வெதைக்கு வச்சிருந்தேன். தம்பி குடுத்த வெத. யாரும் பறிக்கக் கூடாதுன்னு நூலக் கட்டுனேன்."

அத்தையின் சிரிப்பு போய்விட்டது. சாமி பேரில் பொய் நூல் கட்டியதற்கு ஏசப்போகிறாள் என்று நான் பயந்தேன். ஏசவில்லை. அம்மாவின் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பழம் எங்க மதினி? எங்கன வச்சீக?" என்று அம்மா கேட்டாள். அதில் இன்னும் ஒரு ஆசை இருந்தது.

"பூசாரி திருப்பிக் குடுத்தாரு. பிரசாதமாச்சேன்னு வண்டியில வந்தவுகளுக்குப் பிச்சுக் குடுத்துட்டேன். தெரியாமப் போச்சே ஆத்தா." பிறகு குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் போல, "நானும் ஒரு வாய் போட்டேன்" என்றாள்.

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். மாமா இறந்த பிறகு அவள் ஒருவரை அப்படி நேராகப் பார்த்து நான் கண்டதில்லை.

"எப்படி இருந்துச்சு மதினி?"

அத்தை உதட்டை நனைத்துக்கொண்டு யோசித்தாள். "மொதல்ல உப்பா இருந்துச்சு. உப்புத் தொட்டுத் தின்ன மாதிரி. பெறகு மெல்ல இனிச்சுச்சு. நல்லாத்தான் இருந்துச்சு ஆத்தா. ஒன் தம்பி நல்லதாத்தான் குடுத்திருக்கான்."

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

அத்தை சொன்னாள். அடுத்த சித்திரைக்கு வந்தபோதும் அம்மா கேட்டாள், அத்தை சொன்னாள். வருஷம் ஏற ஏற அந்தப் பழம் பெரிதாகிக்கொண்டே போனது. தேன் சேர்ந்தது, வாசனை சேர்ந்தது, ஒரு வருஷம் கையெல்லாம் மணத்தது என்றுகூடச் சொன்னாள். ஒரு வாய்க்குள் இவ்வளவு அடங்காது என்று அம்மாவுக்குத் தெரியாதா என்ன? கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள், முடிந்ததும் எழுந்துபோய் அத்தைக்கு மோர் எடுத்து வருவாள்.