முத்துமாரியின் இங்கிலீஷ்

பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற வேலையில், அவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முந்தி நாமும் அந்தப் பாடத்தைப் படித்துவைத்தால் பாதி மானம் தப்பும். என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரியும். நான் படித்தது பத்தாவது. என் பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். தாயில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் வெடி ஆலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், பள்ளி விட்டதும் என் வீட்டு முன்னறையில் வந்து உட்காருவார்கள். மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் புத்தகத்தைத் திறப்பேன். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே.

சேர்க்க வந்த அன்றைக்கு

பேச்சியம்மாவுக்குப் பட்டாசுக்குள் மருந்து செலுத்துகிற வேலை. ஆலை வேனிலிருந்து இறங்கி, காது மடலில் ஒட்டிய வெள்ளிப் பொடியோடு நேரே வந்தாள். மகள் முத்துமாரியை எட்டாம் வகுப்பில் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றியிருக்கிறாளாம். அரைப் பரீட்சையில் தேறாவிட்டால் பழையபடி தமிழ் மீடியத்துக்கே அனுப்பிவிடுவோம் என்று டீச்சர் சொல்லிவிட்டார்களாம்.

பிள்ளை தரையைப் பார்த்தபடி நின்றது. ஏற்கெனவே கூட்டம் அதிகம் என்று இழுத்தேன். பேச்சியம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. "மருந்துல நிக்கிறது என்னோட போகட்டும்க்கா. இவ ஃபேனுக்கடியில உக்காந்து வேலை பாக்கணும்."

வாசிப்பு

மகளைக் கூட்டிப்போக வரும்போதெல்லாம் வாசலோரம் உட்கார்ந்து, அன்றைய பாடத்தை வாசிக்கச் சொல்லுவாள். முத்துமாரி வரிக்கு நாலு தப்போடு வாசிப்பாள். ஒருநாள் பொறுக்காமல் குறுக்கே போனேன். பேச்சியம்மா கையமர்த்தினாள்.

"திருத்தாதீகக்கா. எனக்கு ஒரு சொல்லும் புரியல. அப்ப சரியாத்தான் வாசிக்கா."

லீவு லெட்டர்

தீபாவளி சீசன். ஒரு மத்தியானம் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் சத்தம் கேட்டால், எந்தத் திசை என்றுதான் முதலில் பார்ப்போம். பேச்சியம்மா இருந்த ஷெட். அவளை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக்காரர் கருப்பசாமியும் கூடவே போனார்.

மறுநாள் காலையில் மதுரைக்குப் புறப்பட்டு நின்ற முத்துமாரி, பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிடச் சொல்லி ஒரு லீவு லெட்டரை நீட்டினாள். தனக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தாள். நாமெல்லாம் மனப்பாடம் பண்ணிவைத்திருக்கிற அதே லெட்டர், ஒரு எழுத்துப் பிசகவில்லை. உனக்கா காய்ச்சல் என்று கேட்டுவிட்டேன். அம்மாவுக்குத் தீக்காயம் என்று எழுத எனக்கும் வரவில்லை. வெளியூரில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டுக் கேட்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். எழுதி முடித்தவள், நான் கோபப்பட்டதாக நினைத்தாளோ என்னவோ, மெதுவாகச் சொன்னாள். "எனக்கு அந்த ஒரு லெட்டர்தான் தெரியும் அத்தை."

ஆஸ்பத்திரித் தாள்

ஆறாம் நாள் பேச்சியம்மா போய்விட்டாள். அவள் பிழைத்து வர அம்மனிடம் நான் வைத்த வேண்டுதல் அப்படியே நிற்கிறது.

முத்துமாரி அரைப் பரீட்சை எழுதினாள். தேறியும்விட்டாள். இங்கிலீஷ் மீடியத்திலேயே இருக்கட்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்கள். கருப்பசாமி வந்தபோது அதைச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்தது, முழுக்க இங்கிலீஷ். பேச்சியம்மா கடைசியில் எப்படிப் போனாள் என்று அதில் இருக்குமாம்.

மகளிடம் காட்டவில்லையா என்று கேட்டேன். காட்டினாராம். சொல்லுக்குச் சொல் விரல் வைத்து, சத்தம் வராமல் அடிவரைக்கும் வாசித்தாளாம்.

நானும் அந்தத் தாளை அடிவரைக்கும் வாசித்துவிட்டு, மடித்து அவரிடமே நீட்டினேன். கருப்பசாமி என் முகத்தையே பார்த்தார். "என்ன போட்டிருக்குன்னு கேட்டா, தெரியாதுன்னுட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா. அவளுக்குப் புரிஞ்சிருக்குக்கா. எனக்குத்தான் யாரும் சொல்ல மாட்டேங்கிறீக."

பிள்ளை யார் துணையும் இல்லாமல் தானே வாசித்துப் புரிந்துகொள்வதுதான் எங்கள் வேலைக்குக் கிடைக்கிற கூலி என்பார்கள், எனக்குக் கிடைத்துவிட்டது.