சத்தம் போட்டால்தான் ஏறும்

எங்கள் கார் திடீரென்று சத்தமே போடாமல் ஓட ஆரம்பித்தது. சிக்கலே அங்கேதான்.

பிரான்சில் வேலை பார்த்த பெரியப்பா நெரவியில் எங்களிடம் விட்டுப்போன இரண்டு சிலிண்டர் கார் அது. ரேடியேட்டர் கிடையாது, காற்றுதான் எஞ்சினைக் குளிரவைக்கும். கிளம்பினால் டக் டக் டக்! "என்னங்க, தையல் மிஷினை ரோட்டுல ஓட்டுறீங்க?" என்று தெருவே கேட்க, அப்பாவுக்கு மானம் போயிற்று. பம்புசெட் பழுதுபார்ப்பவரைக் கூட்டிவந்து, சத்தம் அடங்கும்வரை வால்வுத் திருகுகளை இறுக்கச் சொன்னார்.

சத்தத்தோடு தெம்பும் போயிற்று. காரைக்கால் கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது அரசலாற்றுப் பாலத்து ஏற்றத்தில் நின்றுவிடும். நானும் அண்ணனும் இறங்கித் தள்ளுவோம். இரண்டாம் முறை தள்ளியதும், "வித்துடலாம்" என்றார் அப்பா. ஞாயிறு காலை நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர் பார்க்க வருவதாக ஏற்பாடு.

நான் விடுவேனா? அப்போதுதான் கார் ஓட்டக் கற்றிருந்தேன்! சனிக்கிழமை முழுக்க பெரியப்பாவின் பிரெஞ்சுக் கையேட்டோடு உட்கார்ந்தேன். பள்ளியில் படித்த பிரெஞ்சு முதல்முறையாக எதற்கோ உதவியது.

"அண்ணே, வால்வுக்கும் அதை அழுத்துற இரும்புக் கைக்கும் நடுவுல இடம் விடணும்ணே! சூடானா இரும்பு நீளும்ல? இடமில்லன்னா வால்வு சரியா மூடாது. திருகை இறுக்குனதுல அந்த இடம் போயிடுச்சு, அதான் பாலத்துல நிக்குது."

"எவ்ளோ இடம்?"

"மில்லிமீட்டர்ல அஞ்சுல ஒரு பங்கு."

"எதை வச்சு அளக்குறது, உன் மூக்கையா?"

கல்லூரி லேபில் சவர பிளேடின் தடிமனை அளந்தது நினைவுக்கு வந்தது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் இரண்டு பிளேடு! அப்பாவின் சவர டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் அப்போதே ஸ்பேனரோடு பாய்ந்தான். அப்பா சற்றுமுன்தான் ஓட்டிவந்திருந்ததால் எஞ்சின் சுட்டது. "சாக்கை நனைச்சுப் போட்டா ஆறிடும்டி."

"தண்ணிப் பானையா அது? ஆறின எஞ்சின்லதான் பாக்கணும். காலைல வரைக்கும் தொடாத."

விடிந்ததும் வால்வு மூடிகளைக் கழற்றினோம். ஒரு பக்கத்து வால்வு முழுதாகத் திறக்கும்வரை அண்ணன் கைப்பிடியால் எஞ்சினைச் சுற்றுவான். நான் எதிர்ப்பக்கத்தில் அதன் ஜோடி வால்வைச் சரிசெய்வேன். சேர்த்துச் செருகிய பிளேடுகள் இழுத்தால் வரவேண்டும், சும்மா வரக்கூடாது. சரியாக வைத்து நட்டை இறுக்கினால் திருகும் கூடவே திரும்பித் தொலைக்கும்! மறுபடி முதலிலிருந்து. நான்கையும் முடித்து, மூடிகளை மாட்டி நிமிர்ந்தபோது தாவணியெல்லாம் எண்ணெய், வாசலில் நாகப்பட்டினத்துக்காரர்.

நாங்கள் செய்தது தெரியாமல் அப்பா பெருமையாக ஸ்டார்ட் செய்தார். டக் டக் டக்!

"சத்தமே வராதுன்னு சொன்னீங்களே? ஆளை விடுங்க" என்று அவர் வந்த வழியே போய்விட்டார்.

"ரெண்டு பேருமாச் சேந்து கெடுத்துட்டீங்களே!" என்று அப்பா கத்தினார்.

"ஏறுங்கப்பா, அப்புறம் திட்டுங்க."

நான்தான் ஓட்டினேன். எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும் என்று கடைத்தெருவை இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் பாலத்துக்குத் திருப்பினேன். ஏற்றம் வந்தது. அண்ணன் இறங்கித் தள்ளத் தயாராகக் கதவில் கை வைத்திருந்தான். டக் டக் டக்... கார் மூச்சே வாங்கவில்லை! உச்சியில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த எங்கள் தெருக்காரர் சிரித்தார்: "தையல் மிஷின் மறுபடி வந்துட்டுதா?"

அப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "ஆமாங்க! தைக்கணும்னா துணியோட வாங்க!"

பிறகு என் பக்கம் திரும்பினார். "வீட்டுக்கு வேணாம், வண்டியத் திருப்பு. திருவேட்டக்குடி வரைக்கும் போயி மீன் வாங்கிட்டு வருவோம்."