கோதுமை நாற்றுகளோடு ஓர் ஒனர்ஸ் வருடம்

எழுபதுகளின் நடுப்பகுதியில், பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லாமற் போன காலத்தில், நான் சிட்னியில் தாவரவியலில் ஒனர்ஸ் படித்தேன். மூன்று வருடப் பட்டத்துக்குப் பிறகு வரும் நாலாவது வருடம் அது. விரிவுரைகள் சொற்பம். ஒரேயொரு ஆராய்ச்சி, அதைப் பற்றி ஒரு கருத்தரங்கு, கடைசியில் ஒரு சிறிய ஆய்வேடு. முதலாம் வகுப்பு எடுத்தால் கலாநிதிப் பட்ட ஆராய்ச்சிக்கு உதவிப்பணம் கிடைக்கும். அதற்குக் கீழே போனால் பெயருக்குப் பின்னால் ஒரு சொல் கூடும், அவ்வளவுதான்.

கொழும்பில் நான் எடுத்தது பொதுப் பட்டம். அதை வைத்துக்கொண்டு நேரே ஆராய்ச்சிக்குப் போக முடியாது என்று இங்கே சொல்லிவிட்டார்கள். முழுநேரமாக ஒரு வருடம் ஒனர்ஸ் செய்து காட்டு, பிறகு பார்ப்போம் என்றார்கள். இடையில் நிறுத்தினால் திரும்ப எடுக்கமாட்டோம் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். என்னில் நம்பிக்கை வைத்து எடுக்கவில்லை, என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்றுதான் எடுத்தார்கள் என்பது எனக்கு விளங்கியிருந்தது.

நாங்கள் அப்போது அஷ்ஃபீல்ட் என்ற புறநகரில் ஒரு சிறிய பிளாட்டில் இருந்தோம். கணவர் இலங்கையில் பொறியியலாளராக இருந்தவர். இங்கே ஓர் அலுவலகத்தில் வேறு ஆட்கள் போட்ட திட்டங்களுக்கு வரைபடம் கீறினார். கலியாணமாகி மூன்று வருடம். பிள்ளை இல்லையா என்று ஊரிலிருந்து கேட்டு ஓய்ந்திருந்தார்கள்.

எனக்குக் கிடைத்த விஷயம் பொஸ்பரஸ். அவுஸ்திரேலிய மண்ணில் அது மிகவும் குறைவு. என் மேற்பார்வையாளர் கோதுமை விளையும் ஊரொன்றில் வளர்ந்தவர். அவருடைய தகப்பன் வருடா வருடம் வயலில் உரத்தைக் கொட்டியதையும், அதில் பெரும்பகுதியைப் பயிர் தொடாமலே விட்டதையும் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர். பயிரின் வேர் எவ்வளவு வேகத்தில் பொஸ்பரஸை உள்ளே இழுக்கிறது, பட்டினி போட்ட வேர் கூடுதலாக இழுக்குமா என்பதுதான் கேள்வி. ஒரு கிழமை வயதான கோதுமை நாற்றுகளின் வேரைக் கதிரியக்கப் பொஸ்பரஸ் கலந்த நீரில் சில நிமிடங்கள் வைத்து, குளிர்ந்த நீரில் கழுவி, வெட்டிக் காயவைத்து அளக்கவேண்டும். கழுவும் நேரம் கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை.

முதல் நாளே அவர் என் சேலையைப் பார்த்துச் சங்கடப்பட்டார்.

"அழகாக இருக்கிறது. ஆனால் அந்த அறைக்குள் இது சரிவராது. தலைப்பு மேசையில் பட்டால், பட்டதெல்லாம் உன்னோடு வீட்டுக்கு வரும்."

அன்று மாலை கடைக்குப் போய் இரண்டு காற்சட்டை வாங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவை. கணவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, நடந்து பாரும்" என்றார்.

கதிரியக்க அறை ஒரு தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. கண்ணாடி பதித்த கதவு. உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் தகட்டின் பின்னால் கையை நீட்டி வேலை செய்யவேண்டும். பொஸ்பரஸ் ஈயச் சாடியில் வரும். வேலை முடிந்ததும் கதிரியக்கம் அளக்கும் கருவியைக் கையிலும் சட்டையிலும் பிடித்துப் பார்ப்போம். அது மெல்ல 'டிக், டிக்' என்றால் வீட்டுக்குப் போகலாம்.

அந்த வேலை எனக்கு நன்றாக வந்தது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. என் கை அதற்கு ஒத்துவந்தது. ஜூன் மாதத்தில் அளவுகளை வைத்துக் கீறிய முதலாவது வரைகோடு கிடைத்தபோது மேற்பார்வையாளர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே நின்றார். "இது நல்லது" என்றார். அவர் வாயில் அது பெரிய சொல். அன்றைக்கு ரயிலில் நிற்க இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு வரும்போதும் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

ஜூலையில் எனக்கு மூன்றாம் மாதம் என்று தெரியவந்தது. அதற்கு முன் நாள் தவறியதைக் குளிரின் மேலும் வேலையின் மேலும் போட்டுவிட்டிருந்தேன். டாக்டர் கை குலுக்கினார். வேலைக்குப் போகிறாயா என்று கேட்டார். படிக்கிறேன் என்றேன். "நல்லது, உட்கார்ந்து செய்கிற காரியம்" என்றார். என் மனம் மே மாதத்துக்குப் போய்விட்டது. அந்த மாதம் ஒரு நாள் கதிரியக்க நீரின் சொட்டொன்று கைமுட்டியில் தெறித்து, கருவி மழை மாதிரி இரைந்தது. கழுவிக் கழுவி அடங்க வைத்தேன். அப்போது அது ஒரு சிறு தொந்தரவு. இப்போது நாட்களை எண்ணிப் பார்த்தால் அந்த நாளிலும் நான் தனியாக இருக்கவில்லை.

வீட்டில் சொன்னதும் கணவர் சந்தோசத்தில் எழும்பி நின்றுவிட்டார். பிறகு நான் மற்றதைச் சொன்னேன். அவர் மெதுவாகக் கதிரையில் இருந்தார்.

"நாளைக்கே விட்டிடும்."

"விட்டால் திரும்ப எடுக்கமாட்டினம்."

"எடுக்காட்டி எடுக்காமல் விடட்டும். வேற யூனிவர்சிட்டி இல்லையே?"

"இதுக்கே எவ்வளவு கெஞ்சினனான் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

"நான் உம்மைப் படிக்க வேண்டாமெண்டு சொல்லேல்லை. உந்தச் சாமானைத் தொடவேண்டாமெண்டுதான் சொல்லுறன்."

"அந்தச் சாமான்தான் என்ரை படிப்பு."

அவர் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டு, எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தார். இருவரும் அதைக் குடிக்கவில்லை.

அடுத்த நாள் மேற்பார்வையாளரிடம் போனேன். சொல்லும்போது அவருடைய காது சிவந்தது. மேசையில் இருந்த பென்சிலை எடுத்தார், வைத்தார்.

"எப்போது?" என்று கேட்டார்.

"ஜனவரிக் கடைசியில்."

"ஆய்வேடு நவம்பரில். சரி." கொஞ்சம் மூச்சு வந்தது அவருக்கு. பிறகு, "மே மாதத்தில் அந்தச் சொட்டு..." என்று தொடங்கி நிறுத்தினார். "அது மிகச் சிறிய அளவு. நான் கணக்குப் பார்க்கிறேன். ஆனால் இனி நீ அந்த அறைக்குள் போகக்கூடாது."

துறைத் தலைவரிடம் போய்வந்தார். வந்து இரண்டு வழி சொன்னார். இப்போதே விலகலாம். அல்லது இருக்கிற அளவுகளோடு, கதிரியக்கம் இல்லாத பழைய முறையில் மிச்சத்தைச் செய்யலாம். பழைய முறையில் வேரை எரித்து, மருந்து சேர்த்து, வரும் நீல நிறத்தை அளப்பார்கள். வேருக்குள் மொத்தம் எவ்வளவு பொஸ்பரஸ் இருக்கிறது என்று அது சொல்லும். முதல் சில நிமிடங்களில் எவ்வளவு புதிதாக உள்ளே போனது என்று சொல்லாது. என் கேள்வியின் பாதி அந்தச் சில நிமிடங்களில்தான் இருந்தது.

விலகுவதாக நான் சொல்லவில்லை. ஆகஸ்ட் முழுக்க நீல நிறத்தோடு மல்லுக்கட்டினேன். அந்த மருந்தின் மணத்துக்காகச் சன்னலைத் திறந்துவைத்தே வேலை செய்தேன். வந்த எண்கள் எல்லாம் ஒன்றுபோல இருந்தன. பட்டினி போட்ட வேரும் போடாத வேரும் என்னைப் பார்த்து ஒரே பதிலைச் சொல்லின.

எங்கள் அறையில் நாலு ஒனர்ஸ் மாணவர்கள். இரண்டு பையன்கள் கடற்பாசி தேடிப் பெரும்பாலும் கரையிலேயே இருந்தார்கள். மற்றவள் ஒரு செம்மறிப் பண்ணை ஊரிலிருந்து வந்த பெண், என்னைவிட ஐந்து வயது இளையவள். அவளும் அந்தக் கதிரியக்க அறையில் வேறொரு செடியோடு வேலை செய்தாள். ஒரு நாள் மதியம் சாண்ட்விச்சைக் கடித்தபடி சொன்னாள்:

"உன்னுடையதை நான் செய்து தருகிறேன். இரண்டு சனிக்கிழமை போதும். யாரும் கேட்கப்போவதில்லை."

"கேட்டால்?"

"கேட்டால் சொல்லுவோம். கொலையா செய்தோம்?"

அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னேன். "நல்ல பிள்ளையாக்கும். ஓம் எண்டு சொல்லும்" என்றார். நான் முதலில் மேற்பார்வையாளரிடம் கேட்டேன்.

"செய்யலாம். ஆனால் யார் செய்தது என்பதை ஆய்வேட்டில் எழுதவேண்டும். எழுதினால் பரீட்சகர்கள் அந்தப் பகுதிக்கு முழுப் புள்ளி தரமாட்டார்கள்."

"எழுதுகிறேன்" என்றேன்.

முதலாவது சனிக்கிழமை நன்றாகப் போனது. நான் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் இருந்து, கையில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு, "எடு", "கழுவு", "வெட்டு" என்று குரல் கொடுத்தேன். அவள் கண்ணாடிக்குள்ளிருந்து தலையை ஆட்டினாள். கட்டடத்தில் வேறு ஒருவரும் இல்லாததால் என் குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

இரண்டாவது சனிக்கிழமை அவளுக்குத் தடிமன். கைக்குட்டையை எடுக்கத் திரும்பியபோது, வேர்கள் கழுவும் நீரிலேயே கிடந்தன. நான் "எடு" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. கதவைத் தட்டினேன். அவள் திரும்பிப் பார்த்து, எது என்று கையால் கேட்டு, பிழையான தட்டைத் தூக்கினாள். சரியான தட்டு எனக்குத் தெரிந்தது. கதவிலிருந்து நாலு எட்டுத்தான். என் கை கைப்பிடியில் இருந்தது. கைப்பிடி பாதி திரும்பியும்விட்டது. உள்ளே போய் அந்தத் தட்டைத் தூக்கி வைத்துவிட்டு வர எவ்வளவு நேரம் பிடிக்கும்?

அப்போது பிள்ளை அசைந்தது. முதல் தடவை இல்லை, சில நாட்களாகவே அசைந்துகொண்டிருந்தது. அதனால்தான் நான் நின்றேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் எனக்குப் பயம். அந்தக் கருவியின் இரைச்சல் காதில் இருந்தது. கையை எடுத்துவிட்டு, "பரவாயில்லை, அது போகட்டும், அடுத்ததைச் செய்" என்று கத்தினேன். வெளியே வந்து அவள் அழுதாள். நான் அழவில்லை. அவளுக்குக் கன்ரீனில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். அவளுடைய சொந்த வேலைக்கே நாள் போதாமல் இருந்தது, இன்னொரு சனிக்கிழமை கேட்க என்னால் முடியவில்லை.

ஒக்டோபரில் கருத்தரங்கு. காற்சட்டை இரண்டும் இடுப்பில் ஏறாது. சேலை கட்டிக்கொண்டு போனேன். துறையின் விரிவுரையாளர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். முதற்பாதி நன்றாகப் போனது. என் முதல் வரைகோட்டைத் திரையில் போட்டபோது ஒன்றிரண்டு பேர் எழுதிக்கொண்டார்கள். பிறகு வெளியிலிருந்து வந்த பரீட்சகர் கை உயர்த்தினார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"இரண்டாவது தொகுதியில் அளவுகள் மிகவும் சிதறியிருக்கின்றன. ஏன் திருப்பிச் செய்யவில்லை?"

சபையில் இருந்த அத்தனை பேருக்கும் காரணம் தெரியும். காரணம் அவர்கள் முன்னால்தான் நின்றது. ஒருவரும் என் முகத்துக்குக் கீழே பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். மேற்பார்வையாளர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"நேரம் போதவில்லை" என்றேன்.

"அது பரிதாபம்" என்று சொல்லிவிட்டு அவர் எதையோ குறித்தார்.

எனக்கு இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவு கிடைத்தது. செம்மறிப் பண்ணைத் தோழிக்கு முதலாம் வகுப்பும் உதவிப்பணமும். செய்தி சொல்ல அவள் அஷ்ஃபீல்டுக்கே வந்தாள். படியில் நின்று, உள்ளே வரட்டுமா என்று கேட்டாள். சோறும் பருப்பும் கொடுத்தோம். அவள் மேல் எனக்குக் கோபம் இருக்கவில்லை. கோபம் எங்கே போவதென்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றியது, சில நாட்கள் கணவர் மேலும் விழுந்தது. அவர் ஒருமுறை, "நான் என்ன செய்யிறது, சொல்லும்" என்று கேட்டார்.

மகள் ஜனவரிக் கடைசியில் பிறந்தாள். தாதி அவளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்ததும் நான் துணியை அவிழ்த்து விரல்களைப் பார்த்தேன், காதுகளைப் பார்த்தேன், முதுகைத் தடவிப் பார்த்தேன். "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அன்பே" என்று தாதி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் போதவில்லை. மேற்பார்வையாளர் கணக்குப் பார்த்து அனுப்பியிருந்த அளவு ஒன்றுமில்லாத அளவு என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம், மூக்கால் கொஞ்சம் இரத்தம் வந்தபோதெல்லாம், பள்ளிக்கூடம் போகும் வயதுவரை நான் மே மாதத்தை நினைத்தேன். கணவரிடம் சொல்லவில்லை. அவரும் அதையேதான் நினைத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் பிறந்த வருடம் மார்ச்சில் மேற்பார்வையாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். புதிய ஒனர்ஸ் மாணவன் ஒருவன் என் கேள்வியின் இரண்டாம் பாதியை எடுத்திருக்கிறான், நாற்று வளர்க்கும் விதத்தை வந்து காட்டமுடியுமா என்று கேட்டார். கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது குரலில் தெரிந்தது. கணவர் லீவு போட்டு மகளைப் பார்த்தார். நான் ஒரு கிழமை போய்வந்தேன். பையன் நல்ல பையன். விதையை எந்தப் பக்கம் கீழே வைப்பது என்பதுவரை கேட்டான். கடைசி நாள் அவன் அந்த அறைக்குள் என்னையும் கூப்பிட்டான். இப்போது என்னைத் தடுக்க ஒன்றும் இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கிறேன் என்று சொல்லி வெளியே நின்றுகொண்டேன்.

அவனுக்கு அந்த வருடம் நல்ல முடிவு கிடைத்தது. பட்டினி போட்ட வேர் கூடுதலாகத்தான் இழுத்தது.

மேற்பார்வையாளர் எனக்கு ஓர் ஆராய்ச்சி வேலைக்காக இரண்டு இடங்களில் பேசினார். இரண்டு இடத்திலும் என் வகுப்பைக் கேட்டுவிட்டுத் திருப்பி அழைக்கவில்லை. மகள் நடக்கத் தொடங்கிய பிறகு நான் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்துக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் இருந்தவர், தாவரவியல் படித்தவளுக்கு இரத்தத்தில் என்ன வேலை என்று கேட்டார். பிறகு பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். முதல் கேள்விக்குத் தடுமாறினேன். இரண்டாவதுக்கு, "தகப்பன் இருக்கிறார்" என்றேன். வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். நல்ல வேலைதான், ஒழுங்கான சம்பளம், நல்ல ஆட்கள். காலையில் இரத்தம் நிறைந்த குழாய்கள் வரும், பின்னேரம் முடிவுகள் போகும். எதைத் தேடுவது என்பதை டாக்டர்கள் முதலே எழுதி அனுப்பிவிடுவார்கள்.