எதிர்வெயிலும் அண்ணியின் சாவியும்

என் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் எடுக்கப் போய், ஒவ்வொரு முறையும் கம்பத்தில் இடித்துவிட்டுத் திரும்பியவர். ஆனால் காரைத் துடைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஊரே சொல்லும். ஊர் சொல்லாவிட்டால் அவரே சொல்லிக்கொள்வார். அந்தக் காரும் அவருடையது இல்லை, மாடியில் குடியிருக்கும் அவருடைய அக்காவுடையது. நான் அண்ணி என்று கூப்பிடும் அந்த அம்மாளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அண்ணிக்கு அறுபது நெருங்குகிறது. கணவர் போனபிறகு அவர் விட்டுப்போன காரை வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தவர், இன்னும் ஓட்டுகிறார். டாக்ஸி ஸ்டாண்டில் முதன்முதலாக வண்டியை நிறுத்தியபோது, அங்கிருந்த ஆண்கள் முன்னாலும் பின்னாலும் தங்கள் வண்டிகளை ஒட்டி நிறுத்தி, வெளியே எடுக்க முடியாதபடி செய்தார்களாம். அண்ணி சண்டைக்குப் போகவில்லை. பானெட் மேல் ஏறி உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. உங்களுக்குச் சவாரி வந்தா நீங்கதானே எடுக்கணும்?" என்றார். முன்னால் மறித்து நின்றவனுக்குத்தான் முதல் சவாரி வந்தது. முனகிக்கொண்டே வண்டியை எடுத்தான். அன்றிலிருந்து ஸ்டாண்டில் அவர் பெயர் 'பானெட் அக்கா'.

இப்போது அண்ணிக்கு ஒரு நிரந்தரச் சவாரி இருக்கிறது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போகவேண்டும். காலையில் பாலத்தில் ஏறினால் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். அப்படிப் போன ஒரு நாள், முன்னால் போன சைக்கிள்காரர் அண்ணியின் கண்ணில் படவே இல்லை. கடைசி நொடியில் பார்த்து பிரேக்கை மிதித்தார். சைக்கிள்காரர் பதறி ஓரத்தில் விழுந்தார், முழங்கையைத் தடவிக்கொண்டே எழுந்தார், வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார்.

வாத்தியாருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவருடைய மகள் விஷயம் கேட்டுப் பயந்துபோய் எங்கள் வீட்டுக்குப் போன் செய்துவிட்டார். என் வீட்டுக்காரர் போனிலேயே, "ஆமாம்மா, அக்காவுக்கு வயசாயிடுச்சு. கண்ணு முன்ன மாதிரி இல்ல. இனிமே வண்டிய எடுக்க விடமாட்டோம்" என்று வாக்குக் கொடுத்தார். கையோடு, காரைத் துடைப்பதற்காகக் கீழே மாட்டியிருந்த சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அண்ணி மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"சாவியக் குடு."

"உன் நல்லதுக்குத்தான்கா சொல்றேன். முதல்ல கண் டாக்டர்கிட்ட காட்டு. அவர் சரின்னா பாக்கலாம்."

"காட்டத்தான் போறேன். அந்த ஆள் விழுந்ததுலேர்ந்து எனக்கே மனசு சரியில்ல. ஆனா சாவி என் கையில இருந்தாத்தான் போவேன். சாவியப் பிடுங்கிட்டு அனுப்பறதுக்கு நான் என்ன குத்தவாளியா?"

"பாரு, இந்தப் பிடிவாதம்தான்!"

"ஆமாண்டா, பிடிவாதம்தான். அது இல்லேன்னா அன்னிக்கே ஸ்டாண்ட விட்டு ஓடியிருப்பேன்."

யார் பக்கம் பேசுவது என்று எனக்கு முதலில் தெரியவில்லை. சைக்கிள்காரருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் ஓட்டவே தெரியாத மனுஷர் ஓட்டுகிறவரின் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நியாயம் பேசியதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, நீங்க ஒரு நாளாவது அந்த சீட்ல உட்கார்ந்து எதிர்வெயில்ல ரோட்டப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அவர் முறைத்தார். அண்ணி அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். "அப்படிக் கேளு! சாயங்காலம் வரட்டும். வண்டி நின்ன இடத்துலயே நிக்கட்டும். இவன் உட்கார்ந்து பாக்கட்டும்."

எங்கள் தெருமுனையில்தான் சாயங்காலச் சூரியன் இறங்கும். கார் அதற்கு நேராக நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் முன்கண்ணாடி அப்படிப் பளபளத்தது. என் வீட்டுக்காரர் பெருமையாக ஏறி உட்கார்ந்தார். நான் பக்கத்து சீட்டில். உட்கார்ந்ததும் எனக்கே திக்கென்றது. கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஒரு படலம், அதன் மேல் வைப்பர் இழுத்த வளைவுகள். வெளியே தெரு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"நான் எங்க நிக்கிறேன் சொல்லு!" அண்ணியின் குரல் மட்டும் வந்தது.

"இடது பக்கம்... கேட் கிட்ட."

அண்ணி பானெட்டைத் தட்டினார். காருக்கு நேர் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"சாவியப் போட்டு, அந்தத் தண்ணி பீய்ச்சற வைப்பரப் போடு" என்றார். போட்டதும் நுரை பொங்கி வழிந்தது. வைப்பர் அதை இங்குமங்கும் இழுத்ததில் இருந்த கொஞ்ச வெளிச்சமும் போயிற்று.

"வைப்பர் டாங்க்ல என்னடா ஊத்தின?"

"பாத்திரம் கழுவற லிக்விட். ரெண்டு மூடி போதும்கா. கடையில விக்கறதெல்லாம் வெறும் கலர் தண்ணி."

"உள்பக்கம் எதால துடைச்ச?"

அவர் சீட்டுக்கு அடியிலிருந்து துணியை எடுத்துக் காட்டினார். டாஷ்போர்டு, கதவு, கண்ணாடி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே துணிதானாம். டாஷ்போர்டுக்குப் போடும் பாலிஷை, மினுமினுப்புக்காகக் கண்ணாடிக்கும் வாராவாரம் ஒரு இழுப்பு இழுத்திருக்கிறார். அந்த எண்ணெய்ப் பசைதான் வெயில் பட்டால் திரைபோல மறைத்திருக்கிறது.

அண்ணி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "கொஞ்சம் கொஞ்சமா மங்கினதுல எனக்கே தெரியல. என் கண்ணுதான் போயிடுச்சுன்னு நானே பயந்து கிடந்தேன். யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தேன்" என்றார். அண்ணி பயந்ததாகச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

மூவருமாக உதிரிபாகக் கடைக்கு நடந்தோம். அலமாரியில் கண்ணாடி கழுவும் வாஷர் திரவம் விதவிதமாக இருந்தது. அண்ணி ஒவ்வொரு பாட்டிலையும் திருப்பிப் படித்தார். குளிரில் உறையாமல் இருப்பதற்கென்று ஒன்று. எங்கள் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை. அமோனியா கலந்தது வேண்டாம், ஜன்னல்களில் ஒட்டியிருக்கும் வெயில் தாளை அது கெடுத்துவிடும் என்றார். "ஆத்துப் பாலத்துல பூச்சிதான் எனக்கு எதிரி" என்று, பூச்சிக் கறையைக் கரைப்பதை எடுத்தார். அப்படியே ஊற்றுவது, தண்ணீர் கலக்க வேண்டாம். கூடவே புது வைப்பர் ரப்பரும் பஞ்சு போன்ற துணிகளும். மீதித் திரவத்தைக் காலி ஜூஸ் பாட்டிலில் வைத்துக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்ததும், "விஷம்டா அது! யாராவது எடுத்துக் குடிக்கவா? அதோட பாட்டில்லயே இருக்கட்டும்" என்று அதட்டினார்.

மறுநாள் காலை, வெயில் ஏறும் முன் கண்ணாடி ஆறியிருக்கும்போதே அண்ணி வேலையை ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல உலர்ந்த துணியோடு பாய்ந்தார். "தூசியோட தேச்சா உப்புத்தாள் போட்ட மாதிரி கீறும். முதல்ல தண்ணிய ஊத்து!" என்று தடுத்தார் அண்ணி. காய்ந்த பூச்சிகளைச் சுரண்ட என் வீட்டுக்காரர் பிளேடு கொண்டுவந்தார். அது குப்பைக்குப் போயிற்று. ஈரத்துணியை அந்த இடங்களில் போட்டு ஊறவைத்ததும் பூச்சிகள் தானாகக் கழன்றுவந்தன. வெளிப்பக்கம் குறுக்காக, உள்பக்கம் மேலும் கீழுமாகத் துடைத்தார் அண்ணி. கோடு விழுந்தால் எந்தப் பக்கத்துக் கோடு என்று அப்போதுதான் தெரியுமாம். உள்ளே துடைத்த முதல் துணி பிசுபிசுவென்று பழுப்பாக வந்தது. அதை அவர் தம்பியின் மூக்குக்கு நேராக நீட்டினார். பிறகு பானெட்டுக்குள் வைப்பர் படம் போட்ட மூடியைத் திறந்து, தம்பியையே சாவியைப் போடச் சொல்லிப் பழைய நுரைத் தண்ணீர் தீரும்வரை பீய்ச்சியடிக்கவைத்து, புதியதை ஊற்றினார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் மறுபடி அதே சீட்டில் உட்கார்ந்தார். வெயில் கூசியது, ஆனால் தெருமுனைவரை ஆள், நாய், கல் எல்லாம் தெரிந்தன. அவர் வெகுநேரம் இறங்கவில்லை. இறங்கியதும் சாவியை நீட்டினார். அண்ணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இங்க வேண்டாம். என் கண்ணு போச்சுன்னு யார்கிட்ட சொன்னியோ, அவங்க வீட்ல வந்து குடு."

வாத்தியார் வீட்டுக்கு நடந்தே போனோம். அங்கே கூடத்தில் நின்று, தான் செய்ததை என் வீட்டுக்காரர் ஒன்று விடாமல் சொன்னார். முகம் தொங்கிப்போயிருந்தது. வாத்தியார் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. "எல்லாம் சரிக்கா, கண்ணு காட்டினீங்களா?" என்று கேட்டார்.

"நியாயமான கேள்விம்மா. இப்பவே போறேன். முடிவு என்னன்னு நானே வந்து சொல்றேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டார் அண்ணி.

அண்ணி வீட்டுக்கு வந்து வண்டியை எடுத்தார், நானும் கூடப் போனேன். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். ஒரு கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது, இப்போது ஓட்டத் தடையில்லை, எதிர்வெயில் மட்டும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கூசும், வருஷா வருஷம் வந்து காட்டவேண்டும் என்றார். திரும்பும்போது நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அண்ணி, இத வீட்ல சொல்ல வேண்டாம். அவர் மறுபடி ஆரம்பிச்சிடுவார்."

அண்ணி வண்டியைத் திருப்பினார். நேராக வாத்தியார் வீட்டுக்கு வண்டியை விட்டு, மகளிடம் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னார். அந்தப் பெண் யோசித்துவிட்டு, "நாளைக்கு வாங்கக்கா" என்றார். வீட்டுக்கு வந்து அண்ணி தம்பியிடமும் அதையே சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், வாயைத் திறந்தார்.

"இரு, நான் முடிச்சுடறேன்" என்றார் அண்ணி. "மறைக்கறதுக்கு நான் எதையும் திருடல. புரை முத்தினா ஆபரேஷன் பண்ணிக்குவேன். அதுக்கப்புறமும் ரோடு தெரியலேன்னா, வாத்தியார் வீட்ல சொல்லிட்டு நானே வண்டிய நிறுத்துவேன். எடுத்தது நான், நிறுத்தறதும் நான்தான். அதுவரைக்கும் என் சாவிமேல எவனும் கைய வைக்கக் கூடாது."

என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடியே, "சரிக்கா" என்றார்.